கோபம் போதாமல் நின்ற புரட்சி

வில்ஃப் நாட்ரஸ் தன் லீக்ஸ் பாத்தியை விட்டு எழுந்திருக்காமலே இங்கிலாந்தின் மன்னரானார். எழுந்தால் பக்கத்துப் பாத்திக்காரன் கத்பர்ட் ஹெஸ்லப் எட்டிப் பார்த்துவிடுவான் என்று பயம். அதனால் மண்டியிட்ட நிலையிலேயே, கையில் எருவோடு, சேதியைக் கேட்டுக்கொண்டார்.

லீக்ஸ் என்பது வெங்காயத்தாளுக்குப் பெரியப்பா மாதிரி. மற்ற ஊர்களில் சூப்பில் போடுவார்கள். எல்ஸ்டன் போன்ற நார்தம்பர்லாந்துச் சுரங்க ஊர்களில் அதைச் சூப்புக்காக வளர்ப்பவனை யாரும் மனிதனாகவே மதிப்பதில்லை. செப்டம்பர் மாதம் தொழிலாளர் கிளப்பில் போட்டி நடக்கும். யார் லீக்ஸின் தண்டு அதிகப் பருமனோ அவருக்குக் கண்ணாடி பதித்த அலமாரி. செடிக்கு என்ன ஊற்றுகிறோம் என்பதைக் கட்டிய மனைவியிடம்கூடச் சொல்லமாட்டார்கள். போட்டி நெருங்கும்போது வேலி தாண்டிவந்து அடுத்தவன் லீக்ஸைக் கத்தியால் கீறிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அதனால் ஆண்கள் அந்த வாரங்களில் தோட்டக் கொட்டகையிலேயே படுத்துக்கொள்வார்கள். வில்ஃப் பாதிரியாரை நம்பமாட்டார், தபால்காரரை நம்பமாட்டார், பாதிரியார் வீட்டுப் பூனையை அறவே நம்பமாட்டார். வருடா வருடம் ஹெஸ்லப்பிடம் தோற்று இரண்டாமிடம் வாங்குகிற மனிதர் வேறு எப்படி இருப்பார்?

அந்த வருடம் அவருடைய லீக்ஸ் இரண்டு, பார்த்தாலே மூச்சு முட்டும்படி பருத்திருந்தன. அந்த நேரம் பார்த்துத்தான் கறுப்புக் குடையோடு இருவர் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார்கள்.

"மிஸ்டர் நாட்ரஸ் நீங்கதானே?"

"யாரு கேக்கறது?"

"குடியரசு கேக்குதுங்க."

"ஹெஸ்லப் அனுப்பினானா?"

"இல்லைங்க. குலுக்கல்ல உங்க பேரு வந்திருக்கு. இந்த வருஷத்து மன்னர் நீங்கதான். நாளைக்குக் காலையில வண்டி."

வில்ஃப் சற்று யோசித்தார். "ஹெஸ்லப்புக்கு லண்டன்ல ஆளு இருக்கான்னு எனக்குத் தெரியாம போச்சே" என்றார்.

இங்கே கொஞ்சம் சரித்திரம் சொல்லியாக வேண்டும். இந்த நாட்டில் சரித்திரம் சொல்லாமல் ஒருவரைக் குளிக்கக்கூட விடமாட்டார்கள். ஆயிரத்து எண்ணூற்று முப்பத்திரண்டில், ஓட்டுரிமைச் சீர்திருத்த மசோதாவைப் பிரபுக்கள் சபை கடைசித் தடவையாகத் தூக்கிக் குப்பையில் போட்டபோது, ஜனங்கள் லண்டன் தெருக்களை நிறைத்துவிட்டார்கள். மன்னர் ஒரு மீன்பிடிப் படகில் ஏறிப் போய்விட்டார். குடியரசு பிறந்தது. எல்லாரும் வீட்டுக்குப் போய் டீ குடித்தார்கள். டீ குடித்து முடித்ததும் கவலை வந்தது. மன்னரை ஒழித்தாயிற்று, சரி. ஒழித்தது ஒழித்ததாகவே இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வருடம் ஒருமுறை புதுப்பிக்காவிட்டால் ஒழிப்பு காலாவதியாகிவிடும் என்று ஒரு வக்கீல் சொன்னார். புதுப்பிக்க வேண்டுமானால் ஒழிப்பதற்கு ஒரு மன்னர் வேண்டும். ஆகவே வருடா வருடம் குடிமக்களில் ஒருவரைக் குலுக்கலில் எடுத்து, காலையில் முடிசூட்டி, மாலையில் மக்கள் கையால் இறக்கிவிடுவது என்று முடிவாயிற்று. இதைக் கவனிக்க அரண்மனையிலேயே ஒழிப்புத் துறை என்று ஒன்று தொடங்கினார்கள். பழைய மன்னருக்கு எத்தனை பேர் வேலை செய்தார்களோ அதைப்போல நாலு மடங்கு பேர் இப்போது அவரை ஒழித்துக்கொண்டிருக்கிறார்கள்.

எல்ஸ்டனிலிருந்தே முன்பு ஒரு பால்காரர் மன்னராகப் போய்வந்திருக்கிறார். மாலை ரயிலில் ஒரு டப்பா பிஸ்கட்டோடு திரும்பிவிட்டார். ஜலதோஷம் பிடித்ததைத் தவிர வேறு குறை சொல்லவில்லை.

"ஒரு நாள்தானே, போயிட்டு வா வில்ஃபு" என்றாள் அவர் மனைவி எட்னா. "லீக்ஸ நான் பாத்துக்கறேன்."

"நீ தூங்கிடுவே."

"யாரு, நானா? போன வருஷம் கொட்டகையில நீ விட்ட கொறட்டை சுரங்கத்துக்குள்ள வரைக்கும் கேட்டுச்சு. போ."

வில்ஃப் போனார். போகும்முன் பாத்தியைச் சுற்றி மெல்லிசாக மாவு தூவிவிட்டுப் போனார். யாராவது மிதித்தால் காலடி தெரியும் அல்லவா?

*

அரண்மனையில் அவரை வரவேற்றவர் ஒழிப்புத் துறை ஆணையர், முன்னாள் பிரபு பெல்விட். குடியரசில் பட்டங்கள் கிடையாது. எல்லாவற்றையும் ஒழித்துவிட்டார்கள். அதனால் பிரபுக்களை இப்போது முன்னாள் பிரபுக்கள் என்றுதான் அழைக்க வேண்டும். முன்னாள் பிரபுவின் மூத்த மகன் பிறக்கும்போதே முன்னாள் பிரபுவாகப் பிறக்கிறான். பெல்விட் அந்த வரிசையில் ஐந்தாவது முன்னாள்.

"வரணும், தற்காலிக மாட்சிமையே, வரணும்" என்றார் பெல்விட். வில்ஃபின் தலையில் கிரீடத்தை வைத்து, சற்றுப் பின்னால் நகர்ந்து பார்த்து, கொஞ்சம் இடப்பக்கம் திருப்பினார். "பிரமாதம். உங்க தலை ரொம்ப ஒழிக்கத்தக்க தலைங்க."

"சாயங்கால வண்டி எத்தனை மணிக்கு?" என்று வில்ஃப் கேட்டார்.

பெல்விட்டின் முகத்தில் ஒரு வருத்தம் வந்து உட்கார்ந்தது. உத்தியோகத்தில் பழகிய வருத்தம்.

"போன வருஷம் வரைக்கும் நாலு மணிக்கு மன்னரை இறக்கி அனுப்பிடுவோம். ஆனா பாருங்க, சடங்கு வெறும் சடங்காப் போச்சுன்னு சில பேரு குறை சொன்னாங்க. ஜனங்க கொட்டாவி விட்டுக்கிட்டே புரட்சி பண்றாங்கன்னு பத்திரிகையில எழுதினாங்க. நியாயமான குறைதானே? அதனால சீர்திருத்தம் கொண்டுவந்தோம். இந்த வருஷத்துலேர்ந்து ஜனங்களுக்கு உண்மையிலேயே கோபம் வந்தாத்தான் மன்னரை இறக்க முடியும். கோபத்தைப் பரிசோதிச்சுச் சான்று குடுக்க ஒரு தனிப் பிரிவே இருக்கு."

"கோபம் வரலைன்னா?"

"அடுத்த வியாழக்கிழமை திரும்பவும் பாப்போம்."

"நானே எறங்கிக்கறேனே."

பெல்விட் அவர் தோளில் மெதுவாகக் கைவைத்தார். "அப்படிச் சொல்லாதீங்க. நீங்களா எறங்கினா ஜனங்களுக்கு எப்படி விடுதலை கிடைக்கும்? அவங்க விடுதலையை அவங்ககிட்டேர்ந்து பறிக்கறது கொடுங்கோன்மை இல்லையா?"

வில்ஃபுக்கு விஷயம் புரிந்துவிட்டது. போட்டி இரண்டு வாரம் கழித்து வரும் சனிக்கிழமை. அதற்குள் ஊர் திரும்பித் தன் கையால் லீக்ஸைத் தோண்டி எடுக்க வேண்டும். வேர் அறுபடாமல் எடுக்க எட்னாவுக்கு வராது. இது ஹெஸ்லப்பின் வேலையேதான் என்று அவர் மனசுக்குள் எழுதி வைத்துக்கொண்டார்.

*

முதல் புரட்சி அன்று மதியம் நடந்தது. வில்ஃபை மாடத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். கீழே மைதானம் முழுக்க ஜனம். மடக்கு நாற்காலி, ஃபிளாஸ்க்கில் டீ, வெள்ளரிக்காய் வைத்த ரொட்டி. துறையிலிருந்து ஆளுக்கொரு தீவட்டி கொடுத்திருந்தார்கள். மழை தூறியதால் அதையெல்லாம் நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டுக் குடையை விரித்துக்கொண்டார்கள்.

கோபக் கணிப்பாளர் மிஸ் டிம்ஸ் கூட்டத்துக்குள் இறங்கினாள். ஒல்லியான, அக்கறையான பெண். முன்வரிசையில் பின்னல்வேலை செய்துகொண்டிருந்த அம்மாளிடம் குனிந்தாள்.

"மன்னர்மேல உங்களுக்குக் கோபம் இருக்காங்க?"

"யாரு, அவரு மேலயா? பாவம், மழையில நிக்கறாரு. உள்ள ஸ்வெட்டர் ஏதாச்சும் போட்டிருக்காரா?"

"வேற எதுமேலயாவது கோபம்?"

அந்த அம்மாள் யோசித்தாள். "டீ ஆறிப்போச்சு. ஆனா அதுக்கு நான்தான் காரணம், மூடியச் சரியா மூடல."

மிஸ் டிம்ஸ் திரும்பிவந்து அறிவித்தாள். லேசான அதிருப்தி அங்கங்கே தென்படுகிறது, பெரும்பாலும் வானிலை தொடர்பானது. கோபம் போதவில்லை. கூட்டம் கைதட்டியது. மன்னருக்கு மூன்று முறை வாழ்த்துச் சொல்லிவிட்டு, நாற்காலிகளை மடக்கிக்கொண்டு போய்விட்டது.

வில்ஃப் சும்மா இருந்துவிடவில்லை. கோபம்தானே வேண்டும், வரவழைத்தால் போயிற்று என்று இறங்கினார். மறுநாளே டீத்தூளுக்கு இரட்டை வரி போட்டார். பெல்விட் அதை மகிழ்ச்சியோடு எழுதிவாங்கினார். கொடுங்கோன்மைப் பிரிவுக்கு வெகு காலமாக வேலையே இல்லாமல் இருந்ததாம். ஜனங்கள் வரியைக் கட்டினார்கள். ஏதோ காரணம் இருக்கும் என்றார்கள். வில்ஃப் மதுக்கடைகளை மூடினார். ஜனங்கள் மூடிய கதவுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ஒருவரிடம் ஒருவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். ஞாயிற்றுக்கிழமை கால்பந்தைத் தடை செய்தார். 'கண்டிப்பான கை தேவைதான்' என்று பத்திரிகை தலையங்கம் எழுதியது. அடுத்த வியாழக்கிழமை மாடத்தில் நின்று, சுரங்கத்தில் மட்டுமே பேசக்கூடிய வார்த்தைகளால் கூட்டத்தைத் திட்டினார். மனுஷர் மனசில் பட்டதைப் பேசுகிறார் என்று கூட்டம் பூரித்துப் போயிற்று. பின்னல்வேலை அம்மாள் ஒரு ஸ்வெட்டரை மாடத்துக்கு அனுப்பிவைத்தாள். அளவு சரியாக இருந்தது. அதைப் போட்டுக்கொண்டபோது வில்ஃபுக்கு அழுகையே வந்துவிட்டது.

"கோபம் போதலைங்க" என்றாள் மிஸ் டிம்ஸ். "சொல்லப்போனா போன வாரத்தைவிடக் குறைஞ்சிருக்கு. உங்களை எல்லாருக்கும் பிடிச்சுப்போச்சு."

வில்ஃப் அவளைச் சந்தேகத்தோடு பார்த்தார். பிறகு பெல்விட்டைப் பார்த்தார். பெல்விட்டுக்குப் புதுச் சட்டை. கொடுங்கோன்மைப் பிரிவில் புதிதாக ஆட்கள் சேர்ந்துகொண்டிருந்தார்கள். நடைபாதையெங்கும் மேசை தூக்கிக்கொண்டு போகும் சத்தம்.

"உங்களுக்கு நான் இங்கேயே இருந்தாத்தான் நல்லதா?" என்று நேராகவே கேட்டுவிட்டார்.

"என்ன கேள்விங்க இது" என்றார் பெல்விட், கொஞ்சமும் கூசாமல். "உங்களை ஒழிக்கறதுக்காக ராப்பகலா உழைக்கறோம். அந்த உழைப்புக்கு முடிவே இல்லைங்கறதுதான் அதோட மகத்துவம். எங்க தாத்தா மன்னரை ஒழிச்சாரு, எங்க அப்பா ஒழிச்சாரு, நான் ஒழிக்கறேன், என் மகனுக்கும் இதே துறையில எடம் சொல்லி வெச்சிருக்கேன். நடுவுல மன்னர் ஒரேயடியா ஒழிஞ்சு போயிட்டா இந்த நாட்டுல புரட்சிங்கற எண்ணமே அத்துப்போயிடாதா? நீங்க இருக்கற வரைக்கும் புரட்சி இருக்கும். புரட்சி இருக்கற வரைக்கும் நாங்க இருப்போம். இதுல யாருக்கு என்ன நஷ்டம்?"

*

அன்று மாலை வில்ஃப் எல்ஸ்டன் கிளப்புக்குத் தொலைபேசியில் பேசினார். எட்னாவை ஆள் அனுப்பிக் கூட்டிவந்தார்கள்.

"லீக்ஸ் எப்படி இருக்கு?"

"நான் எப்படி இருக்கேன்னு கேக்க மாட்டியா?"

"நீ எப்படி இருக்கே? லீக்ஸ் எப்படி இருக்கு?"

"அம்சமா இருக்கு. நேத்து ஹெஸ்லப் வேலியோரமா வந்து நின்னான். பாத்தியப் பாத்துட்டு தொப்பியக் கழட்டினான்."

"எதுக்குக் கழட்டினான்?"

"தலை அரிச்சிருக்கும். நீ எப்ப வர்றே? அடுத்த வாரம் சனிக்கிழமை போட்டி. நான் தோண்டினா வேரு போயிடும், உனக்கே தெரியும்."

வில்ஃப் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். இவர்களுடைய டீயைப் பறித்தாகிவிட்டது, பீரைப் பறித்தாகிவிட்டது, பந்தைப் பறித்தாகிவிட்டது. இந்த ஜனங்களுக்கு எதில்தான் கோபம் வரும்? எனக்கு எதில் வரும் என்று தன்னையே கேட்டுக்கொண்டார். அப்படிக் கேட்டதும், கேட்ட மாத்திரத்தில், காது சூடாயிற்று. அளக்காமலே ஒருத்தன் பரிசை வாங்கிக்கொண்டு போனால் வரும்.

"எட்னா, ஒரு ஆணை போடப்போறேன். நாட்டுல எந்தக் காய்கறிப் போட்டியா இருந்தாலும் மன்னரோட காய்க்குத்தான் முதல் பரிசு. அளக்கவே வேண்டாம்னு."

மறுமுனையில் எட்னா குரலைத் தாழ்த்தினாள்.

"அத மட்டும் செய்யாதே வில்ஃபு."

"வீட்டுக்கு வர்றதுக்காகப் பண்ணினதுன்னு அவனுங்களுக்குப் புரியாதா?"

"நல்லாப் புரியும். புரிஞ்சாலும் விடமாட்டானுங்க. நீயா இருந்தா விடுவியா?"

வில்ஃபால் அதற்குப் பொய் சொல்ல முடியவில்லை. ஆனால் வேறு வழியும் தெரியவில்லை. அங்கேயே உட்கார்ந்திருந்தால் லீக்ஸ் மண்ணிலேயே முற்றிப் போகும், அவர் மாடத்தில் முற்றிப் போவார். மறுநாள் காலை ஆணையை எழுதிக்கொடுத்தார். பெல்விட் அதை அரைக்கண்ணால் பார்த்து முத்திரை குத்தினார்.

"காய்கறிதானே" என்றார். "இதுல யாருக்குங்க கோபம் வரப்போகுது? நாம பேசாம குதிரைப் பந்தயத்துல கைவைக்கலாம்."

*

அவர்கள் செவ்வாய்க்கிழமை வந்தார்கள்.

வடக்கிலிருந்து வந்த ரயில்களில் முதலில் லீக்ஸ்காரர்கள் இறங்கினார்கள். பிறகு லங்காஷயர் வெங்காயக்காரர்கள். பிறகு யார்க்ஷயரின் சீமை நெல்லிக்காய்க்காரர்கள், பூசணிக்காரர்கள், கேரட்டைக் குழாய்க்குள் வளர்ப்பவர்கள். எல்லாரும் சவ அடக்கத்துக்குப் போடும் கறுப்புக் கோட்டும் சுத்தமான காலரும் போட்டிருந்தார்கள். கொடி இல்லை, கோஷம் இல்லை, ஃபிளாஸ்க் இல்லை. போட்டி வாரத்தில், பாத்தியைப் பெண்டாட்டிகளை நம்பி விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அரண்மனை வாசலில் வந்து, தொப்பியைக் கழற்றாமல் நின்றார்கள்.

மிஸ் டிம்ஸ் வழக்கம்போல வெளியே போனாள். முதலில் நின்ற வெங்காயக்காரரிடம், "மன்னர்மேல உங்களுக்கு" என்று ஆரம்பித்தாள். அவர் அவளைப் பார்த்தார். அவ்வளவுதான். மிஸ் டிம்ஸ் உள்ளே வந்து உட்கார நாற்காலி கேட்டாள். பிறகு தண்ணீர் கேட்டாள்.

"அது எங்க அளவுக்குள்ள அடங்காதுங்க" என்றாள். "நாங்க படிச்சப்போ இப்படி ஒண்ணு இருக்குன்னே சொல்லிக்குடுக்கல."

கரடித்தோல் தொப்பி போட்ட காவலர்கள் வழியை விட்டு விலகிக்கொண்டார்கள். அவர்களில் பாதிப் பேருக்கு அப்பாவோ மாமாவோ அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். கத்பர்ட் ஹெஸ்லப் முன்னால் நடந்தான். அவன்தான் எல்ஸ்டன் லீக்ஸ் குழுவின் தலைவன். பெல்விட் சிம்மாசன அறை வாசலில் இரண்டு கையையும் விரித்து மறித்தார்.

"புரட்சி வியாழக்கிழமைங்க. இன்னிக்குச் செவ்வாய். அனுமதி வாங்கியிருக்கீங்களா?"

"புரட்சியெல்லாம் நீங்களே வெச்சுக்கங்க" என்றான் ஹெஸ்லப். "நாங்க எங்க கிளப் உறுப்பினர் ஒருத்தரப் பாக்க வந்திருக்கோம்."

உள்ளே வந்தவர்கள் நாற்காலிகளை வட்டமாகப் போட்டார்கள். கூட்டம் முறைப்படி தொடங்கியது. வராதவர்கள் அனுப்பிய மன்னிப்புக் கடிதம் வாசிக்கப்பட்டது. சென்ற கூட்டத்தின் நடவடிக்கைகள் ஏற்கப்பட்டன. கூரையில் தேவதைகள் வரைந்த அந்த அறையில், கிரீடத்தோடு சிம்மாசனத்தில் உட்கார்ந்திருந்த வில்ஃப், கிளப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பதுபோல முழங்கால்களைச் சேர்த்து வைத்துக்கொண்டார்.

"அளக்காம பரிசு வாங்கப் பாத்தது" என்று ஹெஸ்லப் தொடங்கினான். "நம்ம ஊர்ல இதுக்கு முன்னாடி இப்படி நடந்ததில்ல. கீறினவன் இருக்கான். திருடினவன் இருக்கான். அவனுங்ககூட அளந்துதான் பரிசு வாங்கினானுங்க. நாட்ரஸ், எதாவது சொல்லணுமா?"

"கத்பர்ட், வீட்டுக்கு வரணும்னுதான்டா பண்ணினேன். இவங்க என்னை விடல."

"தெரியும்."

"அந்த ஆணையைக் கிழிச்சுப் போட்டுடறேன். இந்த ஒரு வருஷம் என் லீக்ஸ மேசையில வெக்க விடு. அளந்து பாத்துத் தோத்துப்போனா தோத்துப்போறேன்."

ஹெஸ்லப் தன் பெரிய கைகளைப் பார்த்துக்கொண்டான்.

"தெரிஞ்சவன்னு விட்டுக்குடுத்தா, அப்புறம் நாமளும் இவங்களும் ஒண்ணு" என்று பெல்விட்டைத் தலையால் காட்டினான். "எல்ஸ்டன் கிளப்புலேர்ந்து ஆயுசு முழுக்க நீக்கம். எந்தப் போட்டியிலயும் இனிமே உன் காய் மேசைக்கு வரக்கூடாது. சம்மதிக்கறவங்க கைதூக்குங்க."

எல்லாக் கைகளும் உயர்ந்தன. ஒரு வெங்காயக்காரர் எழுந்து, வில்ஃபின் கிரீடத்தைக் காட்டி, ஆணை போட்டது இந்தத் தொப்பியின் பேரில்தானே, அதையும் எடுத்துவிடலாம் என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார். நெல்லிக்காய்க்காரர் அதை வழிமொழிந்தார். இனிமேல் இந்த வேலைக்கே ஆள் எடுக்கக்கூடாது என்று இன்னொருவர் சேர்த்தார். அதுவும் நிறைவேறியது. இப்படியாக இங்கிலாந்தின் முடியாட்சி, லீக்ஸ் குழுத் தீர்மானம் ஒன்றின் இரண்டாவது திருத்தத்தில், ஒருவழியாக ஒழிந்தது. மிஸ் டிம்ஸ் சான்றிதழில் கையெழுத்துப் போட்டாள்.

பெல்விட்தான் இடிந்து போனார். "ஒழிச்சுட்டாங்களே" என்று சுவரைப் பிடித்துக்கொண்டார். "நெஜமாவே ஒழிச்சுட்டாங்களே. இனி நாங்க எதைங்க ஒழிக்கறது?" ஆனால் ஐந்து தலைமுறை முன்னாள் பிரபு அல்லவா? டீ வந்ததும் தெளிந்துவிட்டார். செவ்வாய்க்கிழமைப் புரட்சி செல்லுமா என்று ஆராய ஒரு விசாரணைக் குழுவை அங்கேயே அமைத்தார். குழுவின் அறிக்கை வரப் பதினோரு வருடம் ஆகும், அதுவரை பழைய நிலைமையே நீடிக்கும், அடுத்த வருடக் குலுக்கல் வழக்கம்போல நடக்கும் என்று அறிவித்தார். வெளியே காத்திருந்த லண்டன்வாசிகள் அதற்கும் கைதட்டினார்கள். காய்கறிக்காரர்கள் அதைக் கேட்க நிற்கவில்லை. அவர்களுக்கு வண்டிக்கு நேரமாகிவிட்டது.

*

வில்ஃபும் அதே வண்டியில்தான் வந்தார். எல்ஸ்டன்காரர்கள் பெட்டியில் அவரோடு ஒருவரும் பேசவில்லை. ஆனால் டர்ஹம் தாண்டியதும் யாரோ பன்றிக்கறி வைத்த ரொட்டி ஒன்றை அவர் பக்கம் நகர்த்தினார்கள். அவர் தின்றார். யார் நகர்த்தியது என்று நிமிர்ந்து பார்க்கவில்லை.

சனிக்கிழமை போட்டி நடந்தது. வில்ஃப் பாத்தியோரம் உட்கார்ந்திருந்தார். அவருடைய இரண்டு லீக்ஸும் மண்ணுக்குள்ளேயே இருந்தன. வேர் அறாமல் எடுக்க வேண்டிய அவசியம் இனிமேல் இல்லை. கிளப் பக்கமிருந்து கைதட்டல் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கண்ணாடி அலமாரி ஒன்று நாலு பேர் தோளில் தெருவோடு ஹெஸ்லப் வீட்டுக்குப் போயிற்று. எட்னா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். அவளுக்கு வில்ஃப் மேலும் கோபம், கிளப் மேலும் கோபம், அந்தக் கண்ணாடி அலமாரி மேலும் கோபம். மிஸ் டிம்ஸ் அங்கே இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள்.

மறுநாள் மத்தியானம் ஹெஸ்லப் வேலியோரம் வந்து நின்றான். சர்ச்சுக்குப் போட்ட கோட்டைக் கழற்றாமல் வந்திருந்தான்.

"உள்ள வரலாமா?"

இத்தனை வருடத்தில் அவன் ஒருமுறையும் அப்படிக் கேட்டதில்லை. வில்ஃப் முதலில் அவன் கைகளைத்தான் பார்த்தார். கத்தி இல்லை. கோட்டுப் பையைப் பார்த்தார். அதிலும் ஒன்றும் துருத்திக்கொண்டிருக்கவில்லை. படலைத் திறந்துவிட்டார்.

ஹெஸ்லப் நல்ல கால்சட்டையோடு ஈரமண்ணில் மண்டியிட்டான். பெரிய லீக்ஸைச் சுற்றி இரண்டு கைகளையும் கொடுத்துப் பார்த்தான். விரல்கள் சேரவில்லை. கையை மாற்றிக் கொடுத்தான். அப்போதும் சேரவில்லை. எல்ஸ்டனிலேயே பெரிய கை அவனுடையது; பரிசு வாங்கிய அவன் லீக்ஸைச் சுற்றி அதே விரல்கள் சேர்ந்திருந்தன. அப்படியே வெகுநேரம் இருந்தான். வில்ஃப் அவன் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அது மெல்ல மெல்லச் சிவந்தது.

பிறகு எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டுக்கொண்டான். வேலிவரை போய்விட்டு, அங்கிருந்து திரும்பாமலே ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனான்.

எட்னா வெளியே வந்தபோது வில்ஃப் பாத்தியோரம் உட்கார்ந்து, தொப்பியை முகத்தில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். சந்தோஷத்தில் அழுகிறாரா வயிற்றெரிச்சலில் அழுகிறாரா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. அவருக்கே பிடிபட்டிருக்காது.

"வந்தது ஹெஸ்லப்தானே? என்ன சொன்னான்?"

"தான் இங்க வரவே இல்லைன்னு சொல்லச் சொன்னான்" என்றார் வில்ஃப்.

எட்னா பாத்தியைப் பார்த்தாள், வேலியைப் பார்த்தாள். பிறகு பாவாடையை ஒதுக்கிக்கொண்டு அவர் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தாள்.